கறை வேறு, அழுக்கு வேறு

போன தவணை தரம் 8 பிள்ளைகளுக்கு 'மை ஹோம்' என்று ஒரு கட்டுரை எழுதக் கொடுத்தேன். 34 கொப்பிகள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெளியே மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருக்க, அடுப்பு வெக்கையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பத்தாவது கொப்பிக்கு வருவதற்குள் இரண்டாம் வரி மனப்பாடமாகிவிட்டது. 'மை ஹவுஸ் இஸ் நீட் அன்ட் க்ளீன்.' தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துப் பிள்ளை, டவுன் கடைக்காரரின் பிள்ளை, 7 பேர்ச் காணியோடு புது வீடு கிடைத்துப் போன பிள்ளை, எல்லார் வீடும் நீட் அன்ட் க்ளீன். குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் நானும் அதையேதான் எழுதினேன். அந்த இரண்டு சொல்லும் எங்களுக்குச் சோடியாகவே வந்து சேர்ந்தவை, பூவும் பொட்டும் மாதிரி.

ஒரு கொப்பியில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'மை ஹவுஸ் இஸ் க்ளீன். பட் நொட் டைடி. பிகோஸ் தேர் இஸ் நோ பிளேஸ்.' வீடு சுத்தம்தான், ஆனால் ஒழுங்காக இல்லை, ஏனென்றால் இடமில்லை. எழுதியவள் கடைசி வாங்கில் சுவரோரம் உட்காருகிறவள். கேட்டால்தான் பேசுவாள்.

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இருபது வருஷமாக இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். க்ளீனும் டைடியும் ஒன்றில்லை என்று ஒரு பிள்ளை தன் வீட்டைப் பார்த்துத் தானாகவே கண்டு எழுதியதை அன்றைக்குத்தான் முதல் தடவை வாசித்தேன். அதற்குப் பிறகு இந்தச் சொற்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுத்தத்தைச் சொல்ல இங்கிலீஷில் சொற்களுக்குக் குறைவில்லை. அவற்றில் வீட்டோடு ஒட்டியவை மூன்று. க்ளீன் என்றால் அழுக்கு இல்லை. டைடி என்றால் எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது. நீட் என்றால் கை பார்த்துச் செய்த நேர்த்தி. கழுவின கோப்பைகளை ஒரு கூடையில் குவித்து வைத்தால் அது க்ளீன், டைடி இல்லை. தூசி படிந்த புத்தகங்களை வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தால் அது டைடி; க்ளீன் இல்லை. நல்ல தையல்காரரின் தையல் நீட்டாக இருக்கும், அவருடைய மேசை எப்படிக் கிடந்தாலும் சரி. தமிழிலும் சுத்தம், ஒழுங்கு, நேர்த்தி என்று மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. பேச்சில்தான் சுத்தம் மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. 'சுத்தமா மறந்துட்டேன்' என்கிறோமே, அதே மாதிரி இங்கிலீஷ்காரரும் 'ஐ க்ளீன் ஃபர்கொட்' என்கிறார்கள். ஒன்றும் மிச்சமில்லாமல் துடைத்தெடுப்பது இரண்டு மொழிக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது. எனக்கு அது பிடிக்கும்.

நான் பிறந்து வளர்ந்தது இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 10 அடிக்கு 12 அடி அறை ஒன்று, காம்பரா என்போம்; முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு. இஸ்தோப்பின் ஒரு மூலையில் அடுப்பு. அம்மாயியோடு சேர்த்து நாங்கள் 7 பேர். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டின லயம் அது. இன்றைக்கும் அதில் ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்தக் காம்பராவை அம்மா வைத்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். விடிவதற்குள் பாய்கள் சுருண்டு மூலையில் நிற்கும். அவை கிடந்த இடத்தில்தான் பகலெல்லாம் எங்கள் சாப்பாடு, படிப்பு, சண்டை எல்லாம். அப்பா ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, கொண்டுவந்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்று இருந்தது. ஈயத்தாள் உரித்த பலகைப் பெட்டி. படுக்கப் போட்டால் எங்கள் புத்தக அலுமாரி, கவிழ்த்து வைத்தால் அம்மாயியின் ஸ்டூல். அம்மாயி உட்கார வந்தால் புத்தகங்கள் எல்லாம் கட்டிலுக்கடியில் இருக்கிற ட்ரங்குப் பெட்டி மேல் ஏறும். ட்ரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் மறுபடியும் இறங்கும். சுவரில் வரிசையாக ஆணி: ஒன்றில் அம்மா மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு, ஒன்றில் கூடைக் கயிறு, ஒன்றில் எங்கள் பள்ளிக்கூட உடுப்பு. மழைக்காலத்தில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போடுவோம். அதனால் வெளுத்த உடுப்பிலும் புகை மணக்கும். வெளுப்பதென்னவோ அப்படி வெளுப்பாள். பீலித் தண்ணி கையை மரக்க வைக்கும் மார்கழியிலும், 'கந்தையானாலும் கசக்கிக் கட்டணும்' என்று சொல்லிக்கொண்டே கல்லில் அடிப்பாள்.

ஆக வீடு சுத்தம். தரையில் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம். ஆனால் ஒரு சாமானை எடுக்க மூன்று சாமானை நகர்த்த வேண்டும். எதற்கும் 'அதன் இடம்' என்று ஒன்று கிடையாது, எல்லாம் முறை வைத்து ஒரே இடத்தைப் பாவித்தன. என் கடைசி வாங்குப் பிள்ளை சொன்னது இதைத்தான்.

டைடி என்ற சொல்லுக்குள் 'டைட்' என்ற சொல் இருக்கிறது. இப்போது அது கடலின் ஏற்றவற்றத்துக்கு ஆகிவிட்டது. பழைய இங்கிலீஷில் அதற்கு நேரம், வேளை என்று பொருள். டைடி என்றால் முதலில் 'வேளைக்கு ஆனது, பருவத்தோடு வந்தது' என்பதுதான். ஒழுங்காக அடுக்கி வைத்தது என்ற பொருள் பல நூறு வருஷம் கழித்து, 18ஆம் நூற்றாண்டையொட்டி ஏறியது. இதை ஒரு அகராதியில் வாசித்த அன்று அம்மாவின் நாள்தான் என் கண்ணுக்குள் ஓடியது. 4 மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, எங்களுக்குத் தலை இழுத்து, தம்பியைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விட்டு, 7 மணிக்கெல்லாம் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டில் நிற்க வேண்டும். பிந்தினால் பேர் விழாது. பின்னேரம் கடைசி நிறுவை முடிந்து, விறகையும் பொறுக்கிக்கொண்டு வரும்போது இருட்டிவிடும். அடுக்கி வைப்பதற்கு இடமும் வேண்டும், வேளையும் வேண்டும். எங்கள் லயத்துப் பெண்களிடம் இரண்டும் இருந்ததில்லை. இருந்தும் பாய் சுருண்டது, ஆணியில் உடுப்பு தொங்கியது.

ஒருமுறை ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில், தோட்டப் பக்கங்களைச் சுற்றிப் பார்த்து வந்த ஒருவர், லயத்துப் பிள்ளைகளைப் பற்றி 'அன்கெம்ப்ட்' என்று ஒரு சொல்லைப் போட்டார். கோபம் உச்சிக்கு ஏறியது, வாய் வரவில்லை. இன்றைக்கு என்றால் பதில் சொல்வேன். கெம்ப்ட் என்பது 'கோம்ப்' என்ற சீப்போடு பிறந்த சொல். அன்கெம்ப்ட் என்றால் நேர்ப் பொருளில் தலை வாராதது. எங்கள் பிள்ளைகளைக் காலையில் பாதையில் பார்த்திருக்கிறீர்களா? எண்ணெய் வழிய வழிய வாரி, நேர் வகிடெடுத்து, இரட்டைப் பின்னலை மடித்து, ரிபன் கட்டி அனுப்புகிறார்கள். அதுவும் மண்ணெண்ணெய் விளக்கில், சீப்பு ஒன்று, தலை மூன்று என்றிருந்த காலத்திலிருந்தே. அந்தத் தலைகளுக்குச் சொல்லக் கூடாத ஒரே சொல்லைத்தான் அவர் தேடிப் பிடித்திருந்தார்.

சப்பாத்துக்கு வருகிறேன். தரம் 6க்கு நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெள்ளை கேன்வஸ் சப்பாத்து. லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு 3 கிலோமீட்டர், பாதி தூரம் செம்மண். அப்பாவின் பழைய செருப்பில் நடந்து, சப்பாத்தை ஷொப்பிங் பேக்கில் கையோடு கொண்டுபோய், பஸ் ஹோல்டில் கானோரம் நின்று கால் கழுவி மாட்டிக்கொள்வோம். செருப்பு ஒரு தேயிலைச் செடிக்கடியில் பின்னேரம் வரை காத்திருக்கும். இன்றைக்கும் பிள்ளைகள் அப்படிச் செய்வதைப் பார்க்கிறேன்.

இங்கிலீஷில் 'ஸ்பிக் அன்ட் ஸ்பேன்' என்று ஒரு தொடர் உண்டு, துளி அழுக்கில்லாமல் பளிச்சென்று இருப்பதற்கு. ஸ்பிக் என்பது ஆணி. ஸ்பேன் என்பது மரச் சீவல், பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. இப்போதுதான் அடித்த ஆணி, இப்போதுதான் செதுக்கின சீவல், அவ்வளவு புதுசு என்பது ஆதிப் பொருள். கவ்வாத்து வெட்டின, அதாவது தேயிலைச் செடிகளைத் தறித்துவிட்ட, மலையில் நடந்தவர்களுக்கு இந்த உவமை உடனே பிடிபடும், வெட்டுவாயில் மரம் அப்படித்தான் வெளேரென்று இருக்கும். இந்தத் தொடரை லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் 1665 நவம்பரில் எழுதியிருக்கிறார். எதற்கு என்றால், ஒரு சீமாட்டி புத்தம் புது வெள்ளைச் சப்பாத்தோடு சேற்று ஒழுங்கையில் நடந்து போனதைச் சொல்வதற்கு. சப்பாத்துக்கு மேல் மாட்டியிருந்த மேற்சப்பாத்து ஒன்று சேற்றில் புதைந்து மாட்டிக்கொள்ள, அதை விட்டுவிட்டே வீட்டுக்குப் போக வேண்டியதாகி, அவருக்குப் பொல்லாத கோபம் வந்ததாம். வெள்ளைச் சப்பாத்தும் சேற்று ஒழுங்கையும் என்று வாசித்ததும் எனக்கு அந்த அம்மாவைத் தெரியும் போலாகிவிட்டது. சேறு பட்ட சப்பாத்தை 'மட்டி' என்று சொல்லுங்கள் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். டர்ட்டி என்று சொல்ல வேண்டாம். மட்டி என்றால் பாதையைப் பற்றிய பேச்சு. டர்ட்டி என்றால் கேட்கிறவர் நடந்து வந்தவளைப் பார்ப்பார்.

இது எனக்கு விலை கொடுத்துத் தெரிந்த வித்தியாசம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைகளில் நகம் பார்ப்பார்கள். வரிசையில் நின்று இரண்டு கையையும் நீட்ட வேண்டும். லீவு நாட்களில் நான் அம்மாவோடு மலைக்குப் போய்க் கொழுந்தெடுக்க உதவுவேன். கொழுந்தை ஒடிக்கும்போது பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் சாறு படும். முதலில் ஒன்றும் தெரியாது. சாயந்தரம் ஆக ஆக மஞ்சளோடி, பழுப்பாகி, அடுத்த நாள் விரல் ரேகை ஒவ்வொன்றும் கறுப்பு மையால் கீறினது போல் தெரியும். நகக்கண்ணைச் சுற்றி வெடித்த தோலுக்குள் அது இறங்கிவிட்டால் சவர்க்காரத்துக்கும் போகாது, கல்லில் தேய்த்தாலும் போகாது. எலுமிச்சங்காய்த் தோலால் தேய்த்தால் கொஞ்சம் மங்கும். அம்மாவின் விரல்கள் வருஷம் முழுக்க அப்படித்தான். ரொட்டிக்கு மாப் பிசையும்போது அந்தக் கறுப்பு ரேகைகள் வெள்ளை மாவுக்குள் போய்ப் போய் வரும். மாவில் ஒரு பொட்டு ஒட்டாது.

அந்தத் திங்கட்கிழமை என் கையைப் பார்த்த டீச்சர் 'டர்ட்டி ஹேண்ட்ஸ்' என்றார். அடிக்கவில்லை. கையை நீட்டினபடியே முன்னால் வந்து நில் என்றார். முழு வகுப்பும் பார்த்தது. முதல் நாள் பின்னேரம் அந்தக் கையை அம்மா அரை மணித்தியாலம் தேய்த்து விட்டிருந்தாள். சொல்ல எனக்குச் சொல் இல்லை. தமிழில்கூட அந்த நேரம் வரவில்லை, இங்கிலீஷில் எங்கே வரப்போகிறது.

பல வருஷம் கழித்து 'ஸ்டெயின்' என்ற சொல்லை அதன் முழுப் பொருளோடு படித்தபோது அந்த வகுப்பறைக்குத்தான் ஓடிப் போனேன். ஸ்டெயின் என்றால் கறை. பொருளுக்குள் இறங்கின நிறம். டர்ட் மேலே கிடப்பது, கழுவினால் போவது. கறை பட்ட கை சுத்தமாக இருக்க முடியும். 'மை ஹேண்ட்ஸ் ஆர் க்ளீன், மிஸ். தே ஆர் ஸ்டெயின்ட்.' இவ்வளவுதான் அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது. 'இமாகுலேட்' என்ற பெரிய சொல்லும் கறையைத்தான் பேசுகிறது. லத்தீனில் மாகுலா என்றால் புள்ளி, கறை. அது இல்லாதது இமாகுலேட். அந்தச் சொல்லைத் தூக்கித் திரிய என் பிள்ளைகளுக்கு அவசரமில்லை. ஸ்டெயின் முதலில் வேண்டும்.

அந்தக் கறை என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ஸ்டோரில் சலிக்கிற பக்கம் வேலை செய்தவர். 'இலைய ரோலர்ல போட்டு நசுக்குனா சாறு வெளிய வந்து காத்துப் பட்டுச் செவக்குது பாரு, அதேதான் ஒன் விரல்லயும் நடக்குது' என்றார். காற்றிலிருக்கும் ஒட்சிசன் சாற்றோடு சேர்ந்து நிறம் மாறுவது. ஸ்டோரில் அது நடந்தால் தேயிலைக்கு நிறமும் ருசியும் வருகிறது. அதைப் பதம் பார்த்துச் செய்வதற்கு ஒரு தனி ஆள். அதே சாறு கொழுந்தெடுத்த விரலில் கறுத்தால் வகுப்புக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் சுத்தம் பற்றிய இங்கிலீஷ் சொற்களில் அவருக்கிருந்த நுட்பம் எனக்கு இன்னும் வரவில்லை. தேயிலையில் 'க்ளீன்' என்றால் நாரும் தண்டும் தூசும் கலக்காத தூள். 'நீட்' என்றால் உருவும் அளவும் ஒத்து வந்திருக்கிற தரம். 'ஈவன்' என்றால் ஏற்றத்தாழ்வு இல்லாதது. 'பிரைட்' என்றால் சாயம் உயிரோடு மினுங்குவது. 'டெயின்டட்' என்றால் வேற்று வாசம் ஏறிப்போனது. தேயிலை பக்கத்திலிருக்கிற எதன் வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் மட்டுமில்லை, வாசச் சவர்க்காரமும் அதற்கு ஆகாது. நாரைப் பிரிக்கிற உருளைகளை அப்பா ஒரு தடவை காட்டினார். பிவிசி உருளை கம்பளித் துணியில் உரசி உரசிச் சுற்றும். அந்த உரசலில் மின்னேறி, கீழே போகிற தூளிலிருந்து நாரையும் சிம்பையும் மட்டும் தூக்கி ஒட்டிக்கொள்ளும். சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டைத் தூக்கிக் காட்டுவோமே, அதே வேலை. சிவந்த சிம்புகள் கூட்டமாக எழும்பிப் போய் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

அங்கே 'டஸ்ட்' என்பதும் ஒரு தரம், அதற்கும் ஏலத்தில் விலை உண்டு. வீட்டில் டஸ்ட் என்றால் துடைத்தெறிவது. இங்கிலீஷில் அந்த வினைச்சொல்லே இரண்டு பக்கமும் போகும். மேசையை டஸ்ட் பண்ணினால் தூசை எடுப்பது, கேக் மேல் சீனியை டஸ்ட் பண்ணினால் தூவுவது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நல்லாய்ச் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

நீட் என்ற சொல்லின் கதைதான் என்னை அதிகம் பிடித்து வைத்திருக்கிறது. லத்தீனில் நிடிடுஸ் என்றால் மினுங்குவது. அது பிரெஞ்சில் 'நெட்' ஆகி இங்கிலீஷுக்கு வந்து இரண்டாகப் பிரிந்தது. ஒன்று நீட். மற்றது, கழிவெல்லாம் போக மிஞ்சுகிற 'நெட்'. பால்மாப் பக்கெட்டில் போட்டிருக்கிற நெட் வெயிட், சம்பளத் துண்டில் கடைசி வரியாக வருகிற நெட் பே, எல்லாம் நீட்டின் கூடப்பிறந்தவை. கலப்பை நீக்கினால் மிஞ்சுகிற சுத்தமான அளவு என்பது கருத்து.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நெட் எப்படிப் பிறக்கிறது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தராசில் முள் ஒரு கணக்குச் சொல்லும், புத்தகத்தில் வேறொரு கணக்கு ஏறும். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோக்கணக்கில் கழியும். வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்குக் கழித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அம்மா வாய் திறக்க மாட்டாள். கூடையைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு திரும்பவும் நிரைக்குப் போவாள். அவளுக்கு இப்போது 72 வயது. நீட்டும் நெட்டும் ஒரே சொல் என்று போன மாதம் அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்ப கழிச்சது போக மிஞ்சுனதுதான் நீட்டாக்கும்?' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 'நம்மகிட்டதான் கூடக் கழிச்சாங்க' என்றாள்.

'ஹைஜீனிக்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கிரேக்கரின் ஆரோக்கியத் தேவதை ஹைஜியாவின் பெயரில் வந்தது, இப்போது கொத்துரொட்டிக் கடை போர்டு வரை இறங்கிவிட்டது. 'பிரிஸ்டின்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் சுற்றுலா விளம்பரங்களில் தேயிலை மலைகளை அப்படி எழுதுகிறார்கள், கை படாத பரிசுத்தம் என்ற பொருளில். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'முன்னைய' என்று பொருள். இந்த மலைகளின் முன்னைய நிலை காடு. அதை வெட்டிக் கோப்பி போட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டு அது அழிந்துபோக, தேயிலை பரவியது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கை படாத மலை ஒன்றும் இங்கே இல்லை. சீப்பு வைத்து வாரினது போலத் தெரிகிற அந்தச் சரிவுகளில் ஒவ்வொரு செடியையும் ஏழு நாளுக்கொரு தடவை ஒரு பெண்ணின் விரல் தொட்டுப் போகிறது. அதற்கு நீட் என்று எழுதுங்கள். பொருந்தும்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

'மகள், கொப்பியக் கொண்டு இங்க வாங்க. நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு சொல்லத்தான் மாத்தணும். "நோ பிளேஸ்"னு போட்டிருக்கீங்க. இந்த எடத்துல இங்கிலீஷ்ல "நோ ரூம்"னு சொல்லுவாங்க.'

அவள் கொப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

'ரூம் இருக்கு டீச்சர்' என்றாள். 'ஒரு ரூம் இருக்கு.'

ரூம் என்றால் முதலில் வெறும் இடம், விசாலம் என்றுதான் பொருள், நாலு சுவர் வைத்த அறைக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது, இன்றைக்கும் இரண்டுக்கும் ஒரே சொல் என்று விளங்கப்படுத்தினேன். பஸ்ஸில் 'நோ ரூம்' என்றால் நிற்க இடமில்லை என்று அர்த்தம் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

'அப்ப, ஒரு ரூம் இருந்தாலும் ரூம் இல்லன்னு எழுதலாமா டீச்சர்?'

'எழுதலாம் மகள்.'

வாங்குக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்துப் பிள்ளையிடம் அடிமட்டம் வாங்கி, 'பிளேஸ்' மேல் வைத்து, ஒரே கோடாக நேராக வெட்டிவிட்டு, அதற்கு மேலே 'ரூம்' என்று சின்ன எழுத்தில் எழுதினாள்.